முழித்த இரவுகளும் முரசு நோயும்

காலபோக நெல் கதிர் தள்ளத் தொடங்கிவிட்டால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கங்களில் வயல் செய்யும் ஆண்கள் பலர் இரவில் வீட்டில் படுப்பதில்லை. யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கவேண்டும். காவல் கொட்டிலில் ரோர்ச் லைற், யானை வெடி, சுடுதண்ணீர்ப் போத்தலில் சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணீர், பக்கத்தில் வெற்றிலைப் பை. கண் சொருகும் போதெல்லாம் ஒரு மிடறு தேத்தண்ணீர், அதற்குமேல் ஒரு வாய் வெற்றிலை. விடியப்புறம் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் உடம்பு பாயைத்தான் தேடும். பல் தீட்டுவது மத்தியானம் எழும்பிய பிறகு.

தை பிறந்து அரிவி வெட்டு நெருங்கும்போது காவல் இருப்பவருக்குத் துப்பும் எச்சிலில் இரத்தம் தெரியும். வெற்றிலைச் சிவப்பென்று முதலில் விட்டுவிடுவார். பிறகு முரசு தடித்து, பாண் கோதைக் கடிக்கும்போது நோகும். வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: “நித்திரை முழிச்ச சூடு. எண்ணெய் வைச்சு முழுகினால் சரியாப் போயிடும்.”

இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. நித்திரை கெட்டதற்கும் முரசு கெட்டதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் முழுக்கு அதைத் தீர்க்காது. உண்மையான பாதியையும் பிழையான பாதியையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நாற்பது வயதில் ஆடத் தொடங்கும் பற்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

முரசு நோய் தொடங்கும் விதம்

பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தில் பல் தீட்டிய சில மணித்தியாலங்களிலேயே கிருமிகள் படியத் தொடங்கும். நாக்கால் தடவினால் வழுவழுப்பாகத் தெரியும் அந்தப் படலத்தைத் தினமும் துடைத்து எடுத்தால் பிரச்சினை இல்லை. எடுக்காவிட்டால் முரசு வீங்கிச் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும்.

இதற்கு எத்தனை நாள் தேவை என்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1965இல் பார்த்தார்கள். நோர்வே நாட்டுப் பல் விஞ்ஞானி ஹரால்ட் லோ, ஆரோக்கியமான முரசுள்ள 12 பேரைப் பல் தீட்டுவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் முரசு அழற்சி வந்தது. மறுபடி தீட்டத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு கிழமையில் ஆறிவிட்டது. காவல் காலம் இதைவிட நீளமானது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நோவு இருக்காது, அதுதான் ஆபத்து. குளக்கட்டில் ஈரம் கசிவதைக் கண்டால் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற எவரும் அடுத்த போகம் பார்க்கலாம் என்று இருக்கமாட்டார். முரசில் கசியும் இரத்தத்தை மட்டும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டால் சிலருக்கு அழற்சி கீழே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு பல் தீட்டுவதால் திரும்ப வளராது.

தேயிலைத் தோட்டத்தில் கண்டது

அழுக்குப் படிந்த எல்லோருக்கும் பல் விழுவதில்லை. ஏன் என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பதில் நமது இலங்கையில் கிடைத்தது. அதே லோவும் அவரது குழுவினரும் 1970இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். அவர்கள் 14 முதல் 31 வயது வரையான தமிழர். உடல் உரமானவர்கள், ஆனால் பல் தீட்டும் வழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு இருந்ததில்லை. பற்கள் எங்கும் படலமும் அது இறுகிய காரையும் மண்டியிருந்தன. ஆச்சரியமாக, சூத்தைப் பல் மட்டும் கிட்டத்தட்ட இல்லை.

1985 வரை, 15 ஆண்டுகள், திரும்பத் திரும்ப அளந்தார்கள். 1986இல் வெளியான முடிவு இது: 8 சதவீதமானவர்களுக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதமானவர்களுக்கு மிதமாக, மீதி 11 சதவீதத்துக்கு முரசு அழற்சிக்கு மேல் நோய் நகரவேயில்லை. வேகமாக ஓடிய குழுவில் 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் 12 பற்கள் போயிருந்தன, 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் வாயில் ஒன்றும் மிச்சமில்லை. மிதமான குழுவில் 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. அந்த மனிதர்களில் உயிரோடிருந்து கண்டுபிடிக்கக்கூடியவர்களை 2010இல் மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார்கள். 75 பேர் அகப்பட்டார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கும். ஒரு மனிதனுக்கு 45 வயதில் எல்லாப் பல்லும் போவதை ஆண்டு ஆண்டாக அளந்து எழுதும் அளவுக்குத்தான் அன்றைய தோட்டத்தில் பல் வைத்தியம் இருந்தது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அந்த ஆய்வில் வாய் திறந்து காட்டியவர்களின் உறவுகள் இன்றைக்கு வன்னியில் வயல் செய்துகொண்டிருக்கக்கூடும்.

நித்திரை விடயத்துக்கு இந்த ஆய்வு சொல்லித்தருவது முக்கியமானது. ஒரே மாதிரித் தோட்ட வாழ்க்கை, ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி அழுக்கு. விளைவு மட்டும் மூன்று விதம். ஆகவே கிருமி பாதிதான். அதற்கு உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது மறுபாதி. பரம்பரை அந்த மறுபாதியில் சேரும், அதை மாற்ற முடியாது. புகைத்தல், சலரோகம், மன அழுத்தம், நித்திரைக் குறைவு ஆகியனவும் அங்கேதான் வருகின்றன.

நித்திரையின் பங்கு

வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 7 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். தொடர்ந்து குறைந்தால் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருட்கள் கூடும். கோர்ட்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பின் ஒழுங்கு குழம்பும். கிருமியைக் கட்டுப்படுத்த வேண்டிய உடம்பு தேவைக்கு மேல் கொதித்து, தன் திசுவையே அரிக்கும். முரசு நோயில் எலும்பைக் கரைப்பதும் பெரும்பாலும் இந்தக் கொதிப்புத்தான்.

ஜப்பானில் ஆலைத் தொழிலாளர் 219 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், முரசு நோய் கூடியதற்குப் புகைத்தல் முதல் இடத்திலும் நித்திரை நேரம் அடுத்த இடத்திலும் வந்தன. 7, 8 மணித்தியாலம் நித்திரை கொண்டவர்களைவிட 6 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ கொண்டவர்களுக்கு நோய் கூடுதலாக வளர்ந்தது. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. நித்திரைக் குறைவு மட்டும் முரசு நோயை உண்டாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஏற்கெனவே படலம் படிந்த வாயில் அது நிலைமையை மோசமாக்குகிறது என்பதே நியாயமான கூற்று.

உமிழ்நீரையும் கணக்கில் எடுக்கவேண்டும். பகலில் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் உமிழ்நீர், கண் அயர்ந்ததும் ஏறத்தாழ நின்றுவிடும். அந்த நேரத்தில் வாயில் கிடக்கும் சீனியும் சோற்றுத் துணுக்கும் கிருமிகளுக்குத் தடையின்றிக் கிடைக்கும். இரவுத் தீட்டல் காலைத் தீட்டலைவிட முக்கியம் என்பதற்கு இதுவே காரணம். நம் வீடுகளில் தலைகீழாக நடக்கிறது: காலையில் பல் தீட்டாமல் தேத்தண்ணீர் குடித்தால் அம்மா ஏசுவார், இரவில் தீட்டாமல் படுத்தால் ஒருவரும் கேட்பதில்லை.

என் கருத்தில், களைப்பிலிருந்து முரசு நோய்க்குப் போகும் மிகக் குறுக்கான பாதையும் இதுதான். அழற்சி, கோர்ட்டிசோல் எல்லாம் மெல்ல மெல்ல வேலை செய்பவை. அலுத்துப் படுக்கும் மனிதன் முதலில் கைவிடுவது பல் தீட்டுவதை. அது அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

பதுங்குகுழி வாய்

களைப்பு முரசைத் தாக்கும் என்பதற்கு வரலாற்றில் கொடூரமான சான்று ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் மாதக்கணக்காகக் கிடந்த படையினருக்கு முரசு திடீரென அழுகியது. பற்களுக்கு நடுவே உள்ள முரசு முனைகள் கரண்டியால் தோண்டியது போலக் குழிந்து, மேலே சாம்பல் நிறத் தோல் படியும். தாங்க முடியாத நோவு, தானாக வடியும் இரத்தம், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். பதுங்குகுழி வாய் என்றே அதற்குப் பெயர் வந்தது. நித்திரையின்மை, பயம், போசாக்கின்மை, புகைத்தல், வாய் கழுவ வசதியின்மை எல்லாம் ஒன்றுசேர்ந்தால் வரும் நோய் அது. இன்றைக்கும் சோதனைக்கு இரவிரவாகப் படிக்கும் இளைஞர்களிடமும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களிடமும் இடைக்கிடை தலைகாட்டும்.

இறுதிப் போர் நடந்த 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் கிடந்த சனங்களுக்கு, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, பல் தீட்டுவது ஒரு விடயமாகவே இருந்திருக்க முடியாது. அந்த நாட்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது முப்பதுகளை எட்டுகிறார்கள். முரசு நோய் தன்னைக் காட்டத் தொடங்கும் வயது அது. இவர்கள் நோவு வரும்வரை காத்திராமல் ஒரு தரமாவது பல் வைத்தியரிடம் வாயைக் காட்டவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நித்திரை வராத வீடுகள்

வன்னியில் நித்திரை கெடுவதற்குக் காவல் ஒன்றே காரணமில்லை. முல்லைத்தீவுக் கரையில் இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழும்பிச் சமைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடன் தவணையை எண்ணிப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் இருந்த தாய்மாருக்கு இரவு என்பது ஓய்வு நேரம் இல்லை.

போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பங்குபற்றியவர்களில் 22 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 32 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. இரண்டுமே முதலில் நித்திரையைத்தான் பிடிக்கும். நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழும்புவது, விடிய மூன்று மணிக்குப் பிறகு கண் மூடாதது, எதிலும் மனம் ஒட்டாத களைப்பு இவையெல்லாம் மாதக்கணக்கில் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கதைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நித்திரை திரும்பினால் வாயைக் கவனிக்கும் மனமும் திரும்பும்.

இரவில் பற்களை நெருமுவதும் இந்தக் கவலையோடு வருவது. காலையில் தாடை இறுகி, கன்னப்பொறி நோகும்; பக்கத்தில் படுப்பவருக்குத்தான் சத்தம் கேட்கும். நெருமுவதால் முரசு நோய் உண்டாவதில்லை. ஆனால் எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பல்லை அது இன்னும் ஆட்டிவிடும்.

சலரோகம், குறட்டை, குளிசை

சலரோகக்காரருக்கு இந்தச் சங்கதி இரட்டைச் சுமை. சீனி கூடினால் முரசு நோய் கூடும். முரசில் அழற்சி நீடித்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். இரவில் இரண்டு மூன்று தரம் சலத்துக்கு எழும்புவதால் நித்திரையும் துண்டு துண்டாகும். முரசு நோய்க்கு முறையான சிகிச்சை எடுத்தால் இரத்தத்தில் சீனியின் மூன்றுமாத அளவு ஓரளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சலரோகக் கிளினிக் கொப்பியோடு பல் கிளினிக்குக்கும் போகவேண்டும் என்று சொல்வது அதனால்தான். முரசு அடிக்கடி வீங்குவதும் எப்போதும் களைப்பாக இருப்பதும் சேர்ந்து வந்தால், சலரோகம் இருக்கிறதென்று இன்னும் தெரியாதவரும் சீனி பார்த்துக்கொள்வது நல்லது.

பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி எழும்புபவர்கள் எட்டு மணித்தியாலம் படுத்தாலும் களைப்போடுதான் எழும்புவார்கள். வாயால் மூச்சு விடுவதால் முன்பல் முரசு காய்ந்து சிவந்திருக்கும். இதை வயசுக் குறட்டை என்று விடாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில குளிசைகள் வாயை உலர்த்தும். இரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் தரும் சில குளிசைகளால் முரசு தடித்து வளரும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். பல் வைத்தியரிடம் அந்தக் குளிசை அட்டையைக் காட்டினால் போதும்.

பல் தீட்டுவதைச் சாப்பாட்டோடு கட்டுங்கள்

படுக்கப்போகுமுன் பல் தீட்டுங்கள் என்ற அறிவுரை, படுக்கும் நேரம் நிச்சயமாக உள்ளவர்களுக்கு எழுதப்பட்டது. வன்னியில் அது பலருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு நான் சொல்வது வேறு: இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே பல்லையும் தீட்டுங்கள். கிணற்றடியில் நிற்கும்போது களைப்பு இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. பாயில் இருந்தபிறகு எழும்பிப் போகச் சொன்னால் யாரும் போகமாட்டார்கள்.

காவலுக்குப் போகிறவர் ஆறு, ஏழு மணிக்குச் சாப்பிட்டுத் தீட்டிவிட்டுப் போகட்டும். அதன்பிறகு வெறும் தண்ணீர், அல்லது சீனியில்லாத பிளேன்ரீ. சீனியில்லாமல் இறங்காது என்றால், குடித்ததும் தண்ணீரால் கொப்பளிக்கலாம். அல்லது வெற்றிலைப் பை கிடக்கும் இடத்தில் ஒரு பிரஷ் வைத்துக்கொள்ளலாம். அயல் வயல்காரரோடு முறை வைத்துக் காவல் இருந்தால் கிழமையில் சில இரவாவது முழு நித்திரை கிடைக்கும். பகலில் படுக்கும்போது இருட்டான அறையில் ஒரே மூச்சாகப் படுக்க வீட்டார் விடவேண்டும்.

தீட்டும் முறை பற்றிச் சுருக்கமாக. மென்மையான நார் பிரஷ், புளோரைட்டு உள்ள பற்பசை, இரண்டு நிமிடம். பிரஷின் நார் பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தைச் சரிவாகத் தொடவேண்டும். சின்னச் சின்ன அசைவு போதும், அழுத்தித் தேய்க்கக்கூடாது. இரத்தம் வருகிற இடத்தைப் பயந்து விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கூடுதலாக, மெதுவாகத் தீட்டவேண்டும். பத்து நாளில் இரத்தம் நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கக்கூடும், அதை வைத்தியர்தான் எடுக்கவேண்டும்.

வவுனியா மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். பல கிராமங்களின் கிணற்றுநீரில் புளோரைட்டு கூடுதலாக இருப்பதால் சிறு வயதிலேயே பற்களில் வெள்ளை, மண்ணிறப் படைகள் விழுகின்றன. அது ஊத்தையில்லை, பல்லின் உள்ளே ஊறிய நிறம். அதை அழுக்கென்று நினைத்து உமிக்கரியாலும் உப்பாலும் தேய்க்கிறவர்களுக்கு நிறம் போவதில்லை. முரசு கீழிறங்கி வேர் தெரிவதுதான் மிச்சம்.

புகைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புகையிலைப் புகை முரசின் இரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால், நோய் முற்றியிருந்தாலும் இரத்தம் வராமல் இருக்கலாம். இரத்தம் இல்லை, ஆகவே நோய் இல்லை என்ற கணக்கு அவர்களுக்குச் செல்லாது. பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு முரசைவிடப் பெரிய பயம் வாய்ப்புற்று. இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய் அது. ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் உடனே காட்டவேண்டும்.

வைத்தியசாலைக்குப் போகும்போது

வவுனியா, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையிலும் பல் சிகிச்சை இலவசம். மல்லாவியிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது லேசான காரியமில்லை என்பது தெரியும். அதனால்தான் பலர் பல் பிடுங்குகிற நாளில் மட்டும் வருகிறார்கள். முரசு நோய்க்கு அது பிந்திய நாள். தொடர்ந்து இரத்தம் வருவது, வாய் நாற்றம், முரசு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பற்களுக்கிடையில் புதிதாக இடைவெளி விழுவது, அமுக்கினால் சீழ் வருவது இவற்றில் ஒன்று கண்டாலே வரலாம். முன்பு சொன்ன சாம்பல் தோலும் கடும் நோவும் கண்டாலோ, காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ அன்றைக்கே போகவேண்டும்.

வைத்தியர் மெல்லிய அளவுகோல் ஒன்றை முரசோரத்தில் விட்டுப் பார்ப்பார். 3 மில்லிமீற்றர் வரை இறங்குவது வழமை. 4 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அங்கே பை விழுந்திருக்கிறது என்று பொருள். காரையை எடுத்துச் சுத்தம் செய்வதால் பல் ஆடத் தொடங்கும் என்றொரு பயம் ஊரில் இருக்கிறது. காரை பல்லைத் தாங்குவதில்லை. அது மறைத்து வைத்திருந்த ஆட்டம் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

நோவு தாங்காமல் கடையில் நோக்குளிசை வாங்கி நாட்கணக்காகப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். வவுனியாவின் பல கிராமங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. டைக்குளோபினாக் போன்ற குளிசைகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. முரசில் கராம்பு எண்ணெயையோ புகையிலையையோ வைத்து அடைப்பதும் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். போகும்வரை வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

பல் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: இரவில் எத்தனை மணித்தியாலம் படுக்கிறேன், குறட்டை இருக்கிறதா, வெற்றிலை, சுருட்டு உண்டா, என்ன குளிசை எடுக்கிறேன், சீனி எவ்வளவு. காவல் காலம் எப்போது முடிகிறது என்பதையும் சொன்னால் அடுத்த தவணையை அரிவி வெட்டுக்குப் பிந்திப் போட்டுத் தரும்படி கேட்கலாம்.